இருபத்தேழாம் எண் விளக்கு

விட்பி
1875 மார்ச் 3

ஜோசையா ரேக் அவர்களுக்கு,

போதுமான காலம் வாய்மூடி இருந்துவிட்டேன். பதினோரு வருடம். இனியும் பேசாதிருந்தால் நானும் உடந்தை என்றாகிவிடும்.

‘அவர்களுக்கு’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து நீ சிரிப்பாய். ஒரே மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் மெழுகு பிசைந்தவனை வேறு எப்படி அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ‘அன்புள்ள’ என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன்.

தார்ன்கில் சுரங்க மேலாளர் கார்ஃபர்த் ஜனவரியில் இறந்துபோனார். நிலக்கரி முதலாளிகள் கூடி அவருக்கு 1864இல் அளித்த வெள்ளிப் பரிசு, அதாவது நீ வரைந்து நான் பாதி வடித்த அந்த மூன்றடி உயரப் பொருள், தார்ன்கில் தொழிலாளர் படிப்பகத்துக்கு உயிலில் எழுதப்பட்டிருக்கிறது. ஈஸ்டர் திங்களன்று கண்ணாடிப் பேழையில் வைத்துத் திறக்கிறார்கள். கேலபின் மனைவி ஹெஸ்டர் எனக்கு எழுதியிருந்தாள். அவள் அந்தப் படிப்பகத்தில்தான் வாரம் மூன்று நாள் தரை கழுவுகிறாள். இனி அந்தப் பேழையின் கண்ணாடியைத் துடைப்பதும் அவள் வேலையாம்.

அவள் எதைத் துடைக்கப்போகிறாள் என்பது உனக்குத் தெரியும். உனக்கு மறதி வசதியாக வரும் என்பதால் நினைவூட்டுகிறேன். 1863 நவம்பரில் அந்தச் சுரங்கம் வெடித்தது. நாற்பத்தொரு பேர் இறந்தார்கள். அதில் ஒருவன் என் தம்பி கேலப். ஒரு துணிக்கடைக்காரர், ஒரு மாவு ஆலைக்காரர், ஒரு சாராயக்கடைக்காரர் என்று ஜூரிகள் உட்கார்ந்து விசாரித்தார்கள். சுரங்க வாயு பற்றாமல் சுடரைக் கம்பி வலைக்குள் பூட்டி வைப்பதுதான் காப்பு விளக்கு; கேலபின் உடலருகே கிடந்த விளக்கு பூட்டுத் திறந்திருந்தது, புகைக்குழாய் பற்றவைக்க அவன்தான் அதைத் திறந்திருப்பான், சுரங்க வாயு அதில்தான் பற்றியது என்று அரை நாளில் தீர்ப்புச் சொன்னார்கள். மாதா கோயில் முற்றத்தில் நட்ட கல்லில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. நாற்பத்தொன்றாவது பெயரைச் செதுக்க ஊர் சம்மதிக்கவில்லை.

வெடித்த மறுநாள் தானே கீழே இறங்கிப் பிணங்களை மேலே கொண்டுவந்த துணிவுக்காகக் கார்ஃபர்த்துக்குப் பரிசு. கேலபின் உடலையும் அவர்தான் கொண்டுவந்தார். அந்த நன்றியில்தான் அந்த வேலையில் கை வைத்தேன். நடுவில் ஓக் மரம் இருக்கட்டும் என்று சொன்னவன் நான். குடிமகன் ஒருவன் உயிரைக் காத்தவனுக்கு ரோமர்கள் ஓக் இலையில்தான் முடி சூட்டினார்கள் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான். மரத்தின் உச்சியில் சிங்கத்தின் பிடரியில் கை வைத்து நிற்கும் துணிவு என்ற பெண். அடியில் நங்கூரத்தோடு நம்பிக்கை, கண்ணாடியும் பாம்பும் ஏந்திய விவேகம், மண்டியிட்ட ஒரு சுரங்கத் தொழிலாளி. பீடத்தின் மூன்று பக்கமும் மூன்று புடைப்புப் பலகைகள். அந்த மூன்றாவது பலகைக்குத்தான் பரிசுக் குழு ‘கீழ்ப்படியாமை’ என்று பெயர் எழுதி அனுப்பியது. விளக்கைத் திறந்து புகைக்குழாய் பற்றவைக்கும் ஒருவன். நான் கருவிகளை மேசைமேல் போட்டுவிட்டு வெளியேறினேன்.

நீ வெளியேறவில்லை. நம் பட்டறையின் வழக்கம் எனக்குத் தெரியும். அலமாரியில் இருக்கும் எந்தத் தலையும் எந்த உடலிலும் ஏறும். ஒரு மேயருக்கு வடித்த தேவதை அடுத்த மாதம் பந்தயக் குதிரைக் கோப்பையில் புகழ் என்ற பெயரில் எக்காளம் ஊதுவாள். அந்த அலமாரியில் கேலபின் பிளாஸ்டர் தலை ஒன்று இருந்தது. எனக்காக நான் வடித்தது. வார்ப்புக்காரர் ஏபலை மறு வருடம் யார்க்கில் பார்த்தபோது அவர் வாயாலேயே கேட்டேன். “உன் தம்பி தலையத்தான் ரேக் எடுத்து அந்தப் பரிசுல வச்சுட்டான்பா” என்றார். மேற்கொண்டு கேட்க எனக்கு மனம் இல்லை. எந்தப் பலகையில் என்று கேட்கத் தேவையும் இல்லை.

பேழையில் ஏறுமுன் பொருளை மெருகுக்காக உங்கள் பட்டறைக்குத்தான் அனுப்புவார்கள். அந்தப் பலகை நான்கு திருகாணியில் நிற்கிறது. கழற்றி அந்த முகத்தை அராவி எடு. அரை மணி நேர வேலை. என் தம்பியின் மனைவி அவன் அவமானத்தை வாரம் மூன்று நாள் துணியால் துடைக்க வேண்டாம்.

நான் எழுதுவது எதுவானாலும் அடியில் பெயர் போடுபவன்.

ஆம்ப்ரோஸ் ஸ்டான்க்ளிஃப்


ஷெஃபீல்டு
1875 மார்ச் 9

லத்தீன் வாத்தியாரே,

பதினோரு வருடம் கழித்து ஒரு கடிதம் வருகிறது, அதிலும் ரோமர்கள் வந்துவிட்டார்கள். நீ உயிரோடு இருக்கிறாய் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

என் பங்குக்கு எனக்கும் ஒரு மனக்குறை உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பரிசுப் பொருள் பட்டறையைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய சனிக்கிழமை, வழக்கப்படி பெரிய மேசைமேல் வைத்து, வேலை செய்தவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்து பார்த்தார்கள். மெருகு தேய்க்கும் பெண்கள்கூடப் புதுத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள். உனக்கு நான் இரண்டு முறை ஆள் அனுப்பினேன். இரண்டாவது முறை போனவனிடம் “அந்தப் பித்தளைக்காரன்கிட்ட எனக்கு வேலை இல்லன்னு சொல்லு” என்றாயாம். வெள்ளிக்காரனைப் பித்தளைக்காரன் என்பது நம் தெருவில் எப்படிப்பட்ட வசை என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறாய். சரி, போகட்டும்.

அன்று நீ வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய். மூன்றாவது பலகையில் முகமே இல்லை. அந்த ஆள் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். புடைப்பில் முதுகு இன்னும் எடுப்பாக இருக்கும் என்று குழுவிடம் சொன்னேன். கலை விஷயம் என்றால் அந்த ஆட்கள் எதற்கும் தலையாட்டுவார்கள்.

கேலபின் தலையை எடுத்தது உண்மை. அதை மண்டியிட்ட தொழிலாளிமேல் வைத்தேன். நம்பிக்கைக்கும் விவேகத்துக்கும் நடுவில், கையில் விளக்கோடு இருக்கிறான். உன் கை வேலை அது. அதைவிட நல்ல தலை அந்த அலமாரியில் இல்லை. உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு நீ எங்கே இருந்தாய்?

உன் சிங்கத்துக்கு நான் வாயை மூடினேன். வேக்ஃபீல்டு சந்தைக்கு வந்த அந்தக் கிழட்டுச் சிங்கத்தைப் பார்த்து வரைந்துவிட்டு வந்து, பல் இல்லாமலே வடித்து வைத்திருந்தாய். துணிவின் காலடியில் பொக்கை வாய்ச் சிங்கம் நின்றால் விருந்துக்கு வந்தவர்கள் என்ன நினைப்பார்கள்?

இன்னொன்று உண்டு. அதைக் கடிதத்தில் எழுத மாட்டேன். இங்கே என் பெயரில் போகும் தபால் எல்லாம் முதலாளியின் எழுத்தர் கண்ணில் பட்டுத்தான் போகிறது. இதையே என் மனைவி வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கிறாள். ஈஸ்டருக்கு நீ போ. மண்டியிட்ட ஆளின் கையில் இருக்கும் விளக்கைப் பார். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பொருளைத் திருப்பச் சொல்லிப் பின்பக்கத்திலிருந்து பார். கண்ணாடி வில்லை ஒன்று எடுத்துக்கொண்டு போ, உனக்கும் ஐம்பது ஆகிவிட்டது.

ஜோசையா


விட்பி
1875 மார்ச் 13

உன் கடிதம் கிடைத்தது. நம்பவில்லை. நம்பும்படி நீ எனக்கு எதுவும் செய்ததில்லை.

போகிறேன். போய்ப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். முகம் அந்தப் பலகையில் இருந்தால் ஊர் பார்க்க நானே அதை அராவுவேன், சிறைக்குப் போனாலும் சரி.

சிங்கத்துக்குப் பல் இருந்தது. கீழ்த்தாடையில் இரண்டு.

ஆ. ஸ்டான்க்ளிஃப்


தார்ன்கில்
1875 மார்ச் 31

ஜோசையா,

பார்த்துவிட்டேன்.

ஈஸ்டர் திங்களன்று படிப்பகத்தில் உட்கார இடமில்லை. முன்வரிசையில் கார்ஃபர்த்தின் மகன், சுரங்கத்துப் பங்காளிகள், பாதிரியார். சுவரோரம் தொழிலாளிகள். ஹெஸ்டர் பின்கதவருகே வாளிக்குப் பக்கத்தில் நின்றாள். அவளை யாரும் அழைக்கவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. பாதிரியார் ஒவ்வொரு உருவத்தையும் கைத்தடியால் சுட்டி விளக்கினார். விவேகத்தின் கையில் இருந்த கண்ணாடியைக் காட்டி இது வீண்பெருமை என்றார். பாம்பு அவர் கண்ணில் படவில்லை போலும். திருத்தவேண்டும் என்று எனக்கு நாக்குத் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

கூட்டம் தேநீருக்குப் போனது. ஹெஸ்டரிடம் பேழைச் சாவி இருந்தது. இருவருமாகப் பொருளைத் திருப்பினோம். மண்டியிட்ட தொழிலாளியின் முகத்தருகே அவள் குனிந்து பார்த்தாள். பிறகு, “காது அவர் காதுதான் அத்தான். வலது காதுல கரி விழுந்த தழும்புகூட வச்சிருக்கீங்க” என்றாள். அந்தத் தழும்பை நான் வடித்தது எனக்கே மறந்துபோயிருந்தது.

பிறகு விளக்கைப் பார்த்தேன். என் கட்டைவிரல் நீளம் இருக்கும். கம்பி வலையின் ஒவ்வொரு கண்ணும் இருக்கிறது. எண்ணெய்க் குப்பியின் விளிம்பில் 27 என்ற எண் வெட்டியிருக்கிறது. அதற்குக் கீழே பூட்டுத் திருகாணி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் துளை. துளையின் வாயில் ஒடிந்த திருகாணியின் அடித்தண்டு. அவ்வளவையும் ஒரு நெல்மணி அளவில் வெட்டியிருக்கிறாய்.

சுரங்கத்து விளக்கறையில் முப்பது வருடம் தொழிலாளிகளுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்த ஈனக் பாஷ்லி தொப்பியை மறந்துவிட்டுப்போய் அதை எடுக்கத் திரும்பி வந்தார். நாங்கள் வில்லையோடு குனிந்து நிற்பதைப் பார்த்து அவரும் எட்டிப் பார்த்தார். வில்லையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கேலபின் விளக்கு எண் இருபத்தேழு என்று ஊருக்கே தெரியும், விசாரணைச் செய்தியில் வந்தது. “இது பூட்டவே முடியாத விளக்கு. ஒடிஞ்சு போச்சுன்னு ரெண்டு தடவ மேல சொன்னேன். புதுசு வர்ற வரைக்கும் இதயே குடுன்னு கார்ஃபர்த் சொன்னாரு. அப்புறம் என்னத்தச் சொல்றது, எனக்கும் அஞ்சு புள்ள” என்றார். ஹெஸ்டர் அவரைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள்.

மறுநாள் பாதிரியாரிடம் போனோம். ஈனக் கூடவே வந்து சொன்னார். மூப்பில் பேசும் பேச்சு, வெள்ளியில் இருப்பது வடித்தவனின் கற்பனை, இதை வைத்துக் கல்லைத் தொட முடியாது என்றார் பாதிரியார். அந்த விளக்கை எதைப் பார்த்து வடித்தீர்கள் என்று வடித்தவரே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஆலயக் குழுவில் வைப்பதாகச் சொன்னார்.

எதைப் பார்த்து வடித்தாய்? எழுது. அடியில் பெயர் போடு. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பதினோரு வருடம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு உன்னால் எப்படிச் சாப்பிட முடிந்தது?

ஆம்ப்ரோஸ்


ஷெஃபீல்டு
1875 ஏப்ரல் 8

ஆம்ப்ரோஸ்,

எதைப் பார்த்து என்று கேட்கிறாய். விளக்கையே பார்த்துத்தான். எழுத மாட்டேன் என்றதை எழுதுகிறேன், இதையும் என் மனைவிதான் வெளியே கொண்டுபோய்ச் சேர்க்கிறாள்.

நம் வழக்கம்தானே. கலப்பை வடிக்கவேண்டுமானால் ஒரு கலப்பை, நங்கூரம் வடிக்கவேண்டுமானால் ஒரு நங்கூரம் கடன் கேட்போம். ஒரு காப்பு விளக்கு வேண்டும் என்று சுரங்க அலுவலகத்துக்கு எழுதினேன். விளக்கறையில் இருப்பதெல்லாம் வேலையில் இருந்ததால், அலுவலக அலமாரியில் சும்மா கிடந்த ஒன்றை அங்கிருந்த எழுத்தர் தாளில் சுற்றி அனுப்பிவிட்டார். கரி அப்பிக் கிடந்தது. வரைவதற்காக எண்ணெயும் தூரிகையும் வைத்து நானே கழுவினேன். முதலில் எண் தெரிந்தது. பிறகு துளை தெரிந்தது. ஒடிந்த இடத்தில் துரு ஏறி உட்கார்ந்திருந்தது. வெடிப்பில் ஒடிந்திருந்தால் அப்படி இருக்காது. அது ஒடிந்து பல மாதம் ஆகியிருக்கும் என்பதை உலோகத்தில் கை வைத்தவன் எவனும் சொல்வான். விசாரணையில் அந்த விளக்கை மேசைமேல் வைத்தார்கள் என்று செய்தியில் இருந்தது. ஜூரியில் ஒருவருக்கும் கையை அழுக்காக்கிக்கொள்ள மனமில்லை போலிருக்கிறது.

அந்தச் செய்தி வந்த அன்று நீ தாளை மேசையில் விரித்து எல்லோருக்கும் வாசித்தாய், நினைவிருக்கிறதா? விளக்கின் எண் வரும் வரியில் நின்றுவிட்டாய். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனாய். துக்கம் என்று நினைத்தோம். அதனால்தான் அந்த எண் எனக்கு மறக்கவில்லை.

வரைந்து முடித்து விளக்கைத் திருப்பி அனுப்பினேன். கடன் வாங்கியது, அனுப்பித்தான் ஆகவேண்டும். கேட்டுப் பார்த்தேன், பழைய இரும்போடு போய்விட்டது. முதலாளியிடம் போய்ச் சொல்ல மூன்று நாள் கதவு வரை போனேன். நம் பட்டறைக்கு அதுவரை அப்படிப்பட்ட வேலை வந்ததில்லை. பரிசு கொடுப்பவர்களே நிலக்கரி முதலாளிகள். நான் சொல்லியிருந்தால் அன்றே வெளியே. வாயால் சொல்லத் துணியாததைக் கையால் செய்தேன். எண்ணை நானே வெட்டினேன், யாரிடமும் கொடுக்கவில்லை. என்றாவது ஒருவன் திருப்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அந்தச் சனிக்கிழமை நீ பார்ப்பாய் என்று நினைத்தேன். உனக்காகத்தான் அந்தப் பக்கத்தைச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்திருந்தேன். மாலை வரை அப்படியே இருந்தது. பிறகு பெட்டியில் வைத்து மூடினோம். கார்ஃபர்த் அதைச் சுவரோரமாகவே பதினோரு வருடம் வைத்திருந்திருக்கிறார்.

கையெழுத்து மட்டும் கேட்காதே. எனக்கு ஐம்பத்து நான்கு. இந்த வருடமும் இரண்டு சுரங்கக் கம்பெனிகளின் பரிசு என் மேசையில் இருக்கிறது. பரிசு வாங்கியவரையே காட்டிக்கொடுக்கும் பரிசைச் செய்தவனுக்கு இந்த ஊரில் எந்தப் பட்டறையில் இடம் உண்டு? பெயர் இல்லாமல் எழுதித் தருகிறேன், ஈனக்கின் சொல்லோடு சேர்த்து வைத்துப் பாருங்கள்.

ஜோசையா


விட்பி
1875 ஏப்ரல் 12

பெயர் இல்லாமலா?

பெயர் போடாத தாளை எந்தப் பாதிரியாரும் கையால் தொடமாட்டார். பெயர் போடத் துணிவில்லாதவன் சொல்லும் உண்மைக்கும் தெருச்சுவரில் கரியால் எழுதுவதற்கும் என்ன வேற்றுமை? மரத்தின் உச்சியில் துணிவு என்று ஒருத்தியைச் சிங்கத்தோடு நிறுத்தி வைத்தாயே, அவள் காலைப் பிடித்து நாலு நாள் நின்றிருந்தாயே, ஒரு துளிகூட ஒட்டவில்லையா உனக்கு?

ஹெஸ்டர் நாளைக்குப் பேழையைத் துடைப்பாள். நாளை மறுநாளும் துடைப்பாள். அதை நினைத்துக்கொண்டு உன் பரிசுகளுக்குக் கோடு போடு.

ஆம்ப்ரோஸ் ஸ்டான்க்ளிஃப்
(பார், நான் போட்டுவிட்டேன். கை உதிர்ந்துவிடவில்லை.)


ஷெஃபீல்டு
1875 மே 5

வாத்தியாரே,

தார்ன்கில் பாதிரியாருக்கு நான்கு பக்கம் எழுதி, விளக்கின் பழைய வரைபடத்தையும் இணைத்து அனுப்பியிருக்கிறேன். அந்த வரைபடத்தின் ஓரத்தில் ‘திருகாணி இல்லை, பழைய ஒடிவு’ என்று அன்றே பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். தேதியோடு. அடியில் முழுப் பெயர். கோணலாக வந்துவிட்டது, ஆனால் என் பெயர்தான்.

நீ சொன்னதற்காகப் போட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் கடிதத்தை அடுப்பில் போட்டேன். ஹெஸ்டர் ஒரு வரி எழுதியிருந்தாள். ‘அவர் காதை அப்படியே வைத்ததற்கு நன்றி’ என்று. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை.

பாதிரியார் அதைக் கார்ஃபர்த்தின் மகனுக்குக் காட்டினார். மகன் எங்கள் முதலாளிக்கு எழுதினார். போன வெள்ளிக்கிழமை என் கருவிகளைத் துணியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன். முதலாளி நல்ல மனிதர்தான், கதவு வரை வந்தார். “எண்ண வெட்டாம விட்டிருக்கலாமேப்பா” என்றார். அவ்வளவுதான்.

இப்போது ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பட்டறையில் தேநீர்க் குடுவைகளுக்குக் கைப்பிடி வரைகிறேன். சிங்கமும் இல்லை, நங்கூரமும் இல்லை. என் மனைவி உன்னைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத முடியாது.

உன் தம்பி பெயர் கல்லில் ஏறினால் சொல்.

ஜோசையா ரேக்


விட்பி
1875 ஜூன் 20

அன்புள்ள ஜோசையா,

இந்த முறை கிழிக்கவில்லை.

பெயர் ஏறிவிட்டது. போன ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு ஊர் முற்றத்தில் நின்று பார்த்தது. பெயர்களின் அகரவரிசையில் நடுவே இடமில்லாததால் கல்தச்சர் எல்லோருக்கும் கீழே, புல் உரசும் உயரத்தில் வெட்டியிருக்கிறார். கேலப் ஸ்டான்க்ளிஃப், வயது 34. மற்ற பெயர்கள் எல்லாம் மழையில் கறுத்துவிட்டன. அவன் பெயர் மட்டும் வெள்ளையாக இருக்கிறது. ஈனக் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கடைசி ஆள் போகும்வரை நின்றார். ஹெஸ்டர் மண்டியிட்டு ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். எழுந்து என்னிடம் வந்தாள்.

“உங்க கூட்டாளி பேர் போட்டதாலதான் இந்தப் பேரு வந்துச்சு. அவருக்கு வேல போனது எனக்குத் தெரியும். நீங்க படிச்சவங்க அத்தான், என் சார்பா நல்ல விதமா ஒரு கடிதம் எழுதுங்க” என்றாள்.

அதற்காகத்தான் உட்கார்ந்தேன். அவளுடைய நன்றியை எழுதிவிட்டேன். அவள் கேட்ட கடிதம் இதோடு முடிந்தது. இனி வருவது என்னுடையது.

எனக்கு ஒரு வாரமாகத் தூக்கம் இல்லை. இந்த ஊரில் நான் துக்க நகைகளுக்குக் கறுப்புக் கல் செதுக்குகிறேன் என்பது உனக்குத் தெரியும். கவிழ்த்த தீப்பந்தம், ஒடிந்த தூண், கையைப் பிடித்த கை. எதற்கு என்ன பொருள் என்று வாடிக்கையாளர்களுக்கு எடுத்துச் சொல்லி நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். நேற்று ஒரு விதவைக்கு ஒடிந்த தூணை விளக்கிக்கொண்டிருந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். என் கண்முன் நீ வெட்டிய துளை தெரிந்தது. அந்த ஒடிந்த திருகாணி.

ஜோசையா, அந்த விளக்கை நீ கழுவுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்.

1863 அக்டோபரில், வெடிப்புக்கு ஐந்து வாரம் முன்னால், கேலப் என் அறைக்கு வந்தான். ஒன்பது மைல் நடந்து வந்திருந்தான். விளக்குப் பூட்டு ஒடிந்துவிட்டது, மேலே சொல்லியும் மாற்றவில்லை, அவனுடையது மட்டுமல்ல, இன்னும் ஆறேழு விளக்குகள் அப்படித்தான் என்றான். அரசு சுரங்க ஆய்வாளருக்கு எழுதவேண்டும். அவனே ஒரு தாளில் எழுதிக் கொண்டுவந்திருந்தான். அதைப் பார்த்து நல்லபடியாக எழுதிக் கொடுக்கச் சொன்னான்.

“அண்ணே, பேர் மட்டும் போட வேணாம். பேர் போட்டா மறுநாளே வேல போயிடும், வீட்டயும் காலி பண்ணச் சொல்லுவான். பேர் இல்லாம நாலு வரி. உன் எழுத்தப் பாத்தா எவனும் குப்பையில போட மாட்டான்” என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? பெயர் போடத் துணிவில்லாதவன் சொல்லும் உண்மைக்கும் தெருச்சுவரில் கரியால் எழுதுவதற்கும் என்ன வேற்றுமை என்று கேட்டேன். ஆம், உனக்கு ஏப்ரலில் எழுதிய அதே வரி. எழுதும்போதே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் எழுதினேன். ‘நீ பேர் போடு, நான் எழுதித் தர்றேன்’ என்றேன். போதாததற்கு அவன் கொண்டுவந்த தாளில் இருந்த பிழைகளை எல்லாம் பென்சிலால் வட்டமிட்டு அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அவன் கோபப்படவில்லை. தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டான். “சரிண்ணே, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்று சொல்லிவிட்டு ஒன்பது மைல் திரும்பி நடந்தான்.

விசாரணை நாளில் நான் அந்த அறையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். பூட்டு முன்பே ஒடிந்திருந்தது, என் தம்பி என்னிடம் சொன்னான். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, நீங்கள் என்ன செய்தீர்கள் என்று வரும். நான் எழவில்லை. பட்டறையில் செய்தித்தாள் வாசித்துக்கொண்டே நின்றுபோனதும் அதனால்தான். அந்த மூன்றாவது பலகையை வடிக்க மறுத்து நான் கருவிகளை வீசியதைப் பெரிய மானமாக நீங்கள் எல்லோரும் பேசினீர்களாம். கீழ்ப்படியாமை என்று பெயரிட்ட அந்தப் பலகையில் என் தம்பியின் முகத்தை வைக்க எனக்குக் கை வரவில்லை. பழி சுமக்க அங்கே வைக்கவேண்டியது என் முகம் என்று தெரிந்திருந்தது. அதுதான்.

சனிக்கிழமை வராததற்கும் கோபம் காரணம் இல்லை. நீ விளக்கைக் கடன் கேட்டாய் என்று ஏபல் முன்பே சொல்லியிருந்தார். உன் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்று எனக்குத் தெரியும். பூட்டைப் பற்றி என்னைக் கேட்டுவிடுவாய் என்று பயந்தேன்.

இந்த வசந்தத்தில் உன்னிடம் கையெழுத்துக் கேட்டேன். என் கையெழுத்தே போதுமானதாக இருந்திருக்கும். ஈனக்கின் சொல்லும் என் சொல்லும் சேர்ந்தால் பாதிரியார் ஒப்புக்கொண்டிருப்பார், உன் வேலையும் போயிருக்காது. எனக்கு அது அன்றே தெரியும். நான் உன்னைக் கேட்டேன்.

ஹெஸ்டரிடம் சொல்லவேண்டும். கல்லருகே அவள் என்னைப் ‘படிச்சவங்க’ என்று சொன்னபோது வாய் திறந்தேன். தொண்டையை மட்டும் செருமினேன். நான் அழுகையை அடக்கிக்கொள்கிறேன் என்று அவள் நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

உன் உளி பட்ட இடம் எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். என் கை எது என்று உனக்கும் தெரியும். நாம் வடித்த எதிலும் நம் பெயர் இல்லை, பட்டறையின் முத்திரைதான். அதைப் பெரிய அநீதி என்று நான் எத்தனை மதிய உணவு வேளைகளில் உன்னிடம் பொருமியிருக்கிறேன். நீ ரொட்டியை மென்றுகொண்டே, “பேரு இல்லன்னா பழியும் இல்ல வாத்தியாரே” என்பாய். கடைசியில் நீதான் பெயர் போட்டாய்.

தாளின் அடிப்பகுதிக்கு வந்துவிட்டேன். பெயர் எழுத மூன்று முறை பேனாவை மையில் தொட்டேன். மூன்று முறையும் மை காய்ந்தது. பெயரோடு இருந்தால் இது சாட்சி. நீ இதை ஹெஸ்டரிடம் காட்டலாம், பாதிரியாரிடம் காட்டலாம், உன் பழைய முதலாளியிடமும் காட்டலாம். காட்டவேண்டியதுதான் நியாயம் என்று இங்கே உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் என் அறையில் நின்று என் தம்பி கேட்டது பெயர் இல்லாத ஒரு கடிதம். இதோ இருக்கிறது. நான்கு மணிக்குத் தபால் கட்டுவார்கள். கையெழுத்து இல்லாமலே இதைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன்.